‘கிடையாதுன்னு’: ஒரு நெசவாளர் பேட்டியை வெட்டித் தொகுத்த விதம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், எழுபதைத் தாண்டிய ஒரு பட்டு நெசவாளரிடம் எடுத்த பேட்டி இது. பதிவு ஒன்றேகால் மணி நேரம் ஓடுகிறது. அதை 22 நிமிட பாட்காஸ்ட் பகுதியாக்க வேண்டும். பேட்டி எடுத்த பெண்ணே தன் லேப்டாப்பில், ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில், முதல் வெட்டை முடித்துவிட்டிருந்தார். “லெவல் மட்டும் கொஞ்சம் பார்த்துக் குடுங்கண்ணா” என்று சொல்லித்தான் என்னிடம் தந்தார். கடைசியில் அந்த முதல் வெட்டிலிருந்து ஒரு கிளிப்கூட அப்படியே தேறவில்லை. மூலப் பதிவைத் திறந்து முதலிலிருந்து கட்டினோம்.

வேலை தெரியாமல் செய்த வெட்டு அல்ல அது. பாடக் காணொளிகளில் சொல்லித்தருவது எல்லாமே அதில் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தது. மூச்சு நீக்கம், மௌனச் சுருக்கம், ஒவ்வொரு கிளிப்பின் முடிவிலும் மெல்லத் தேயும் ஃபேட் என்று எதுவும் விடுபடவில்லை. சிக்கலுக்குக் காரணமே அதுதான். அந்தப் பழக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பேச்சை வெட்டிப் பார்த்து உருவானவை. தமிழ்ப் பேச்சில் வாக்கியத்தின் பொருள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியாது.

நெசவாளர் குடும்பம் பெயர் வேண்டாம் என்றது. ஆகவே எவர் பெயரும் இதில் இல்லை.

கைக்கு வந்தவை

மூன்று பதிவுகள் வந்தன. தாத்தாவின் சட்டையில் ஒரு காலர் மைக், பேட்டி எடுத்தவரிடம் இன்னொன்று. இரண்டும் ஒரே ரெக்கார்டரில் தனித்தனி ட்ராக்காக, 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 மாதிரி வீதம், பதிவாகியிருந்தன. மூன்றாவது, உள்ளறையில் மகன் நெய்துகொண்டிருந்த தறியின் அருகே வைத்த ஒரு போன், 44,100 ஹெர்ட்ஸில். போனை வைக்க வேண்டும் என்று பேட்டியாளருக்கு எப்படித் தோன்றியதோ, அந்தப் பதிவு இல்லாவிட்டால் இந்த வேலை பாதியில் நின்றிருக்கும்.

ஹெர்ட்ஸ் வேறுபாட்டைப் பற்றி அவர் கவலைப்பட்டார். தேவையில்லை, ஆடாசிட்டி ஒரே ப்ராஜெக்டில் இரண்டையும் வைத்துத் தானே மாற்றி ஒலிக்கும். கவனிக்க வேண்டியது கடிகாரத்தை. இரண்டு கருவிகளின் உள்கடிகாரமும் நூலளவு வேறுபடும். தொடக்கத்தில் ஒரு கைத்தட்டல், முடிவில் ஒரு கைத்தட்டல் என்று பதிவு செய்திருந்தார்கள். முதல் தட்டலைப் பொருத்தியபோது கடைசித் தட்டல் 90 மில்லி நொடி தள்ளி நின்றது. 75 நிமிடத்தில் 90 மில்லி நொடி என்றால் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகு. சாதாரணக் கருவிகளுக்கு இது இயல்புதான். போன் பதிவைப் பேச்சுக்குப் பயன்படுத்தப் போவதில்லை என்று முடிவானதால் அதை இழுத்துச் சரிசெய்ய மெனக்கெடவில்லை.

வால்

முதல் வெட்டின் நான்காவது நிமிடத்தில் தாத்தா தெளிவாக, கனமாக, ஒரு வாக்கியம் சொல்கிறார்: “கைத்தறிக்கு இனிமே எதிர்காலமே கிடையாது.” அதோடு கிளிப் முடிகிறது, அடியில் இசை ஏறுகிறது. கேட்கிறவர்களுக்கு மனதில் தைக்கும் இடம். விளம்பரத் துணுக்காகவும் இதைத்தான் எடுத்து வைத்திருந்தார்கள்.

ஆடாசிட்டியின் 3.1 பதிப்பிலிருந்து, அதாவது 2021 முதல், கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்து டிரிம் செய்யலாம். வெட்டிய பகுதி அழிவதில்லை, ஓரத்துக்கு அடியில் மடிந்திருக்கும். மறுபடி இழுத்தால் வெளியே வரும். அப்படி இழுத்துப் பார்த்தேன். முழு வாக்கியம் இது:

“கைத்தறிக்கு இனிமே எதிர்காலமே கிடையாதுன்னு மொதலாளி சொன்னாரு, தறிய வித்துட்டு செக்யூரிட்டி வேலைக்குப் போன்னாரு. நான் போகல.”

‘து’வுக்கும் ‘ன்னு’வுக்கும் நடுவே வெட்டு விழுந்திருந்தது. வெட்டு சுத்தமானதுதான். சொடுக்குச் சத்தம் எதுவும் இல்லை, ஃபேடும் அழகாக இருந்தது. தொழில்நுட்பமாகக் குறை சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

“அவர் வாயிலேர்ந்து வந்த வார்த்தைதானேண்ணா?” என்றார்.

“வாய் அவரோடதும்மா. சொன்னது மொதலாளி.”

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. எழுத்துப்படியில் அந்த வரியைக் குறித்துவைத்து, அலைவடிவத்தில் அந்த இடத்தைத் தேடி, வார்த்தை முடிந்த இடத்தில் ஓரத்தை இழுத்து நிறுத்தியிருக்கிறார். ஆங்கிலப் பேச்சில் ‘அவர் சொன்னார்’ என்பது பெரும்பாலும் முன்னாலேயே வந்துவிடும். அதை நீக்க வேண்டுமானால் கிளிப்பின் தலையை வெட்ட வேண்டும், வெட்டுகிறவருக்கு என்ன செய்கிறோம் என்று தெரிந்தே இருக்கும். தமிழில் ‘என்று’ கடைசியில் வருகிறது. ‘இல்லை’ கடைசியில் வருகிறது. ‘வந்தானாம்’ என்பதில் ஒட்டி வரும் ‘ஆம்’, ‘போல’, ‘மாதிரி’, ‘தோணுது’ எல்லாமே கடைசியில்தான். பேசுகிறவர் ஒரு கருத்தை விரித்து வைத்துவிட்டு, அது தன்னுடையதா, கேள்விப்பட்டதா, மறுக்கிறாரா என்பதைக் கடைசி அரை நொடியில் சொல்கிறார். மூச்சு குறைந்து குரல் தணிகிற இடமும் அந்த அரை நொடிதான். டிரிம் செய்கிற கை முதலில் போய் நிற்பதும் அங்கேதான்.

இதே கோப்பில் வேறிரண்டு இடங்களும் கிடைத்தன. “பசங்கள தறியில உக்கார வெக்கக் கூடாதுன்னு நான் நெனச்சதே இல்ல” என்பது ‘கூடாது’வில் முடிந்திருந்தது. மனிதர் சொன்னதற்கு நேர் எதிர். மற்றது இன்னும் நுட்பமானது. பக்கத்துச் சங்கத்தைப் பற்றி, “அங்க கூலி ஏத்திட்டாங்களாம்” என்கிறார். அங்கே யாரும் வார்த்தையை வெட்டவில்லை. கிளிப் முடிவில் 300 மில்லி நொடி ஃபேட் மட்டும் போட்டிருந்தது. அந்தத் தேய்வில் கடைசி ‘ம்’ கரைந்துபோய் “ஏத்திட்டாங்களா” என்று கேட்டது. காதில் விழுந்த செய்தியைச் சொன்னவர், கேள்வி கேட்கிறவராகிவிட்டார். அடுத்த கிளிப்பில் பேட்டியாளர் “ஆமாங்க தாத்தா” என்று வேறு எதற்கோ சொன்னது வந்து ஒட்டிக்கொள்ள, நடக்காத ஓர் உரையாடல் உருவாகியிருந்தது.

ஒலியை வெட்டுவதால் பொருள் மாறுவது தமிழுக்கு மட்டும் நேர்வதல்ல. 2012-இல் அமெரிக்காவின் என்பிசி, ஒரு கொலை வழக்கில் முக்கியமாயிருந்த காவல்துறைத் தொலைபேசிப் பதிவைச் சுருக்கி ஒலிபரப்பியது. சந்தேகத்துக்குரியவன் என்று ஒருவர் புகார் சொன்ன இளைஞனின் இனம் என்ன என்று மறுமுனையில் இருந்த காவல்துறை ஊழியர் கேட்ட கேள்வி சுருக்கலில் போய்விட்டது. கேட்டதற்குச் சொன்ன பதில், தானாக முன்வந்து சொன்னது போல ஒலித்தது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அங்கே போனது நடுவில் இருந்த ஒரு கேள்வி. நமக்கு ஓர் எழுத்து போனாலே போதும்.

ஆகவே மறுகட்டமைப்பில் முதலில் செய்தது, தாத்தாவின் ட்ராக்கில் ஒவ்வொரு கிளிப்பின் வலது ஓரத்தையும் அடுத்த வாக்கியத்தின் முதல் சொல் கேட்கும்வரை இழுத்துவிட்டது. அங்கிருந்து பின்னோக்கி வந்து, வினைமுற்றும் அதன் ஒட்டுகளும் முடிந்து, அறையின் ஒலி பழைய நிலைக்கு இறங்குகிற இடத்தைக் காதால் தேடி, அங்கே நிறுத்தினேன். கடைசி அசைக்குப் பிறகு 300 மில்லி நொடியாவது மிஞ்சும். ஃபேட் போட்டால் அந்த மிச்சத்துக்குள்தான், சொல்லின் மேல் ஏறக் கூடாது. அலைவடிவத்தை மட்டும் பார்த்து வெட்டினால் இது பிடிபடாது. தணிந்த ‘ன்னு’வும் ‘ளாம்’மும் திரையில் வெறும் தடித்த கோடாகத்தான் தெரியும். ட்ராக்கின் காட்சியை டெசிபல் அளவுக்கு மாற்றினால் கொஞ்சம் தலைகாட்டும்.

விளம்பரத் துணுக்குக்கு “நான் போகல” வரை வைத்தோம். முன்பைவிட நான்கு நொடி நீளம். என் காதுக்கு இதுதான் வலுவான துணுக்கு, ஆனால் இசை எங்கே ஏற வேண்டும் என்பதில் எங்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

‘பட்டு’ கிழிந்த இடம்

பட்டு நெசவாளரின் பேட்டியில் ‘பட்டு’ என்ற சொல் எத்தனை முறை வரும் என்று சொல்லவே வேண்டாம். முதல் வெட்டில் அது ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு விதமாக ஒலித்தது. சில இடத்தில் சரியாக, சில இடத்தில் ‘படு’ மாதிரி, சில இடத்தில் தொண்டை அடைத்தது போல. முதலில் மைக் கம்பி உரசலோ என்று நினைத்தேன்.

காரணம், ‘ட்ரங்கேட் சைலன்ஸ்’ என்கிற கருவி. ஓர் அளவுக்குக் கீழே ஒலி இறங்கி, ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் நீடித்தால், அதை மௌனம் என்று கருதிச் சுருக்கிவிடும். ஆடாசிட்டி தானாக வைத்திருப்பது அரை நொடி. நேரத்தை மிச்சப்படுத்த அதைப் பத்தில் ஒரு நொடியாகக் குறைத்திருந்தார்கள். காலர் மைக்கில் தறிச் சத்தம் குறைவு என்பதால் மௌனம் மௌனமாகவே பதிவாகியிருந்தது, கருவிக்கு வேட்டை எளிதாயிற்று.

மூலப் பதிவில் ஒரு ‘பட்டு’வைப் பெரிதாக்கிப் பார்த்தால் விஷயம் விளங்கும். ‘ப’ வெடிக்கிறது. ‘அ’ ஒலிக்கிறது. பிறகு ஏறத்தாழ 150 மில்லி நொடிக்குத் திரையில் ஒன்றுமே இல்லை. நேர்க்கோடு. பிறகு ஒரு சிறு வெடிப்பு, ‘உ’. அந்த ஒன்றுமில்லாத கோடுதான் ‘ட்’ என்ற மெய். நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு, காற்றை அடைத்து வைத்திருக்கிற நேரம் அது. கருவி அதை வெற்றிடம் என்று கணக்கிட்டு, பாதிக்கு மேல் எடுத்துவிட்டது. பத்து, அப்பா, பக்கம், நேத்து என்று இரட்டித்து வரும் வல்லினம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மழை, வெயில், நூல் போன்ற சொற்களில் அடைப்பே இல்லாததால் அவை தப்பித்தன. அதனால்தான் பேச்சு முழுவதும் சீராக வேகமாகாமல், அங்கங்கே மட்டும் தடுக்கி விழுந்தது.

ஓரத்தை இழுத்து டிரிம் செய்ததை மீட்க முடிந்தது போல இதை மீட்க முடியாது. அந்தக் கருவி வெட்டியதை மடித்து வைப்பதில்லை, எடுத்தே விடுகிறது. மூலத்துக்குப் போனது இந்த ஒரு காரணத்துக்காகவே.

மௌனச் சுருக்கியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். தமிழ்ப் பேச்சுக்கு அதை அரை நொடிக்குக் கீழே இறக்காதீர்கள் என்பேன். அதோடு, நீளமான மௌனங்களையும் காதால் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கோர்வைச் சேலைக்கு, அதாவது உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் பின்னிப் பிணையும் சேலைக்கு, மூன்று நாடா, அதாவது ஊடை நூலை ஏந்தி ஓடும் கட்டைகள், ஓடும். ஒருவரால் முடியாது, வலப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைப் போட வேண்டும். அந்த இடத்தில் பல வருடம் உட்கார்ந்தவர் தாத்தாவின் மனைவி. “இப்ப யாரு தாத்தா உக்கார்றாங்க?” என்ற கேள்விக்கு அவர் மூன்று நொடிக்கு மேல் பேசவில்லை. முதல் வெட்டில் அந்த மூன்று நொடி ஒரு கண்சிமிட்டலாகக் குறைந்து, மனிதர் பதிலைத் தயாராக வைத்திருந்தது போல ஒலித்தது. அதை முழுசாகத் திருப்பி வைத்தோம்.

தறியோடு ஒத்துப்போவது

பேட்டி நெடுக உள்ளறைத் தறி ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். கூலி வேலையை மணிக்கணக்கில் நிறுத்தச் சொல்கிற உரிமை யாருக்கு இருக்கிறது? தவிர, அந்தச் சத்தம் இல்லாத பிள்ளையார்பாளையம் வீடு எந்த ஊர் வீடாகவும் இருக்கலாம்.

மின்விசிறி, தெருச் சத்தம் போன்ற பின்னணி ஒரே மாதிரி இரைந்துகொண்டிருப்பதால் எங்கே வெட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். தறி அப்படியல்ல. அதற்குத் தாளம் உண்டு. ஏறக்குறைய ஒன்றேகால் நொடிக்கு ஓர் அடி. பேச்சில் பதினான்கு நொடியை எடுத்தால், அடிக்கும் அடிக்கும் இடையில் திடீரென்று அரை நொடி வரும், அல்லது இரண்டு நொடி வரும். கேட்கிறவருக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். முதல் வெட்டில் இது சகட்டுமேனிக்கு நடந்திருந்தது.

ஒரே ஒரு வெட்டை அருகில் பார்ப்போம். அப்பா காலத்துச் சாயப்பட்டறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் காபி கொண்டுவருகிறார். சர்க்கரை போதுமா என்ற விசாரிப்பெல்லாம் முடிந்து பேச்சு தொடர்கிறது. காபிப் பகுதி போக வேண்டும். தாத்தாவின் ட்ராக்கில் தறி அடிகள் சின்னச் சின்ன முட்களாகத் தெரிகின்றன. வெட்டும் இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள அடிகளில் லேபிள் போட்டேன். சொல் முடிந்தபின் வரும் முதல் அடியின் முகப்பிலிருந்து, காபி முடிந்து அடுத்த வாக்கியத்துக்கு முன்னால் வரும் அடியின் முகப்பு வரை தேர்வு. முகப்பு என்றால் அடி தொடங்குவதற்குச் சில மில்லி நொடி முன்பு. இசட் விசையை அழுத்தினால் தேர்வின் இரு ஓரமும் அலை நடுக்கோட்டைக் கடக்கிற புள்ளிக்கு நகரும், சொடுக்குச் சத்தம் வராது. நீக்கியபின், முதல் அடி இருந்த இடத்தில் இரண்டாவது அடி வந்து உட்காரும். தாளம் தவறாது. ஒட்டு விழுந்த உடனேயே உரத்த அடி வந்து காதைப் பிடித்துக்கொள்வதால், ஒட்டில் இருக்கும் சிறு மாற்றமும் அதில் மறைந்துபோகும்.

கைத்தறி என்பதால் இன்னொரு சலுகையும் கிடைத்தது. மனிதக் கை ஓட்டுகிற தறி, அடிக்கு அடி கொஞ்சம் முன்பின்னாகத்தான் விழும். விசைத்தறியாக இருந்திருந்தால் மில்லி நொடிப் பிசகுகூடக் காட்டிக்கொடுத்திருக்கும்.

எல்லா இடத்திலும் இது நடக்கவில்லை. வாக்கியம் முடிகிற இடமும் தறி அடிக்கிற இடமும் ஒத்துவராத வெட்டுகள்தான் அதிகம். அங்கே போன் பதிவு கைகொடுத்தது. பேட்டிக்கு முன்னால், தாத்தா தறியைக் காட்டிவிட்டு வெளியே போன சமயம், இரண்டு மூன்று நிமிடம் பேச்சே இல்லாமல் தறி மட்டும் அதில் ஓடியிருக்கிறது. அந்தத் துண்டை எடுத்து, அடிகள் ஒட்டுமாறு முடிவையும் தொடக்கத்தையும் சேர்த்து, அத்தியாயம் முழுவதற்கும் அடியில் ஒரு தனி ட்ராக்காக விரித்தேன். பேச்சைவிட மிகத் தணிவாக. வெட்டு விழுந்த இடங்களில் காலர் மைக்கின் மெல்லிய அடி குதித்தாலும், கீழே ஓடும் தறியின் அடி குதிக்காது. காது கீழே ஓடுவதையே பின்பற்றும்.

இது ஏமாற்று வேலையா என்று அவர் கேட்டார். அதே வீடு, அதே தறி, அதே காலை. இன்னொரு ஊர்த் தறிச் சத்தத்தை எங்கிருந்தாவது இறக்கிப் போட்டிருந்தால் நான் அப்படிச் சொல்வேன்.

ஒட்டுகளைப் பற்றி ஒரு பழங்கதை. காந்த நாடா காலத்தில் பிளேடால் நாடாவைச் சாய்வாக, 45 பாகையில் வெட்டி ஒட்டுவார்கள். நேராக வெட்டினால் சத்தம் டக்கென்று மாறும், சாய்வாக வெட்டினால் ஒன்று தேய்ந்து மற்றது ஏறும். கால் அங்குல நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடும்போது அந்தச் சாய்வு ஏறக்குறைய 17 மில்லி நொடி. இன்று நான் கிளிப்புகளுக்கு நடுவே போடும் கிராஸ்ஃபேடும் 10 முதல் 20 மில்லி நொடிக்குள்தான். நீளமாகப் போட்டால் பேச்சு குழையும், தமிழில் சொல் கடைசி உருகும்.

உம் கொட்டுவது

தாத்தா பேசப் பேச, பேட்டியாளர் “ம்”, “சரிங்க தாத்தா”, “ஐயையோ” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். முதல் வெட்டில் அவருடைய ட்ராக்கில் இவை எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து முழு மௌனமாக்கியிருந்தார். இரண்டு பிரச்சினை வந்தன. முழு மௌனம் என்பது ஒலியே அற்ற ஓட்டை. அந்த மைக்கில் கசிந்து வந்த அறை ஒலியும் சேர்ந்து போவதால் அறையே சுருங்கி விரிந்தது. மற்றது, உம் கொட்ட ஆளில்லாமல் பெரியவர் தனியாகப் புலம்புவது போல இருந்தது.

பெரும்பாலானவற்றைத் திருப்பி வைத்து, சொல்லின் மேல் ஏறியவற்றை மட்டும் இடத்துக்கு இடம் ஒலியளவை ஏற்றி இறக்கும் என்வலப் கருவியால் பதினைந்து இருபது டெசிபல் இறக்கினேன். ஓட்டை விழவில்லை. சிலவற்றைத் தன் குரல் பிடிக்காததால் எடுக்கச் சொன்னார். அது அவர் உரிமை.

இதோடு தொடர்புள்ள ஒரு எச்சரிக்கை. இரண்டு மைக்கிலும் இருவர் குரலும் கொஞ்சம் கசிந்திருக்கும். ஒரு ட்ராக்கில் மட்டும் அரை நொடியை நீக்கினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் அரை நொடி முன்னால் வந்து, கசிவு எதிரொலியாகக் கேட்கும். நீக்கும்போது இரண்டு ட்ராக்கையும் சேர்த்தே தேர்வு செய்ய வேண்டும், அல்லது எல்லா ட்ராக்கையும் சேர்த்தே நகர்த்தும் சிங்க்-லாக்கைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும்.

ஏற்ற இறக்கம்

என்னிடம் கேட்டது லெவல் மட்டும்தான். அந்த வேலை கடைசியில் சுருக்கமாகவே முடிந்தது. முதல் வெட்டில் உரத்த ஒலிக்கும் தணிந்த ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கம்ப்ரெஸரைக் கெட்டியாகப் போட்டிருந்தார்கள். குரல் தணிகிற வாக்கிய முடிவை அது தூக்கும் என்று நினைத்து. தூக்கியது, கூடவே வாக்கியங்களுக்கு நடுவில் தறியையும் தூக்கியது. பேச்சு நின்றதும் தறி பாய்ந்து வரும், பேசியதும் பதுங்கும்.

அதை எடுத்துவிட்டு, என்வலப்பால் வாக்கிய முடிவுகளை மட்டும் நான்கைந்து டெசிபல் கையால் ஏற்றினேன். அலுப்பான வேலை. ஆனால் மேலே சொன்ன ‘ன்னு’வும் ‘இல்ல’வும் பஸ்ஸில் இயர்போனில் கேட்கிறவருக்கும் கேட்க வேண்டுமென்றால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. பிறகு மிக லேசான ஒரு கம்ப்ரெஸர், அவ்வளவுதான். நாய்ஸ் ரிடக்‌ஷன் போடவே இல்லை.

மொத்த உரப்பு −16 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு). ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் கேட்பது அதைச் சுற்றித்தான், உச்சம் −1 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பதும் அவர்கள் நிபந்தனை. மோனோவாக ஏற்றுமதி செய்கிறவர்கள் இங்கே தடுமாறுவதுண்டு. ஒரே ட்ராக்கை ஒரு சேனலாக அளந்தால், இரண்டு ஸ்பீக்கரில் ஒலிப்பதைவிட 3 அலகு குறைவாகக் காட்டும். ஆடாசிட்டியின் உரப்புக் கருவியில் மோனோவை இரட்டை மோனோவாகக் கருதும் கட்டம் அதற்குத்தான். அதை டிக் செய்தால் −16, செய்யாவிட்டால் −19 என்று வைத்தால் முடிவு ஒன்றே. கருவியை ஓட்டியபின் சில உச்சிகள் −1-ஐத் தாண்டின, லிமிட்டரால் அவற்றை மட்டும் அமுக்கினேன்.

நீளம் 22 நிமிடத்தில் நிற்கவில்லை. 24-ஐத் தாண்டிவிட்டது. மௌனங்களும் வால்களும் திரும்பி வந்ததன் விலை அது. தொடரின் மற்ற பகுதிகளைவிட நீளம் என்று பேட்டியாளருக்கு வருத்தம். வானொலி நேரமாக இருந்தால் நான் இன்னொரு கதையையே வெட்டச் சொல்லியிருப்பேன், வாலை அல்ல.

மடிப்புக்கு அடியில்

ஐம்பதாவது நிமிடத்துக்கு அருகில் தாத்தா ஒரு வியாபாரியின் பெயரைச் சொல்லி, கூலியில் அவர் பிடித்த தொகையைச் சொன்னார். உடனே, “அத எடுத்துடும்மா, இன்னும் அங்கதான் பாவு வாங்கறோம்” என்றார். முதல் வெட்டிலேயே அந்தப் பகுதி இல்லை. கேட்டால் தெரியாது. ஆனால் எடுத்தது ஓரத்தை இழுத்து. அதாவது கோப்பில் அது மடிந்து இருந்துகொண்டே இருந்தது. அந்த ப்ராஜெக்ட் கோப்பை அப்படியே ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. அங்கே யார் வேண்டுமானாலும் கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வியாபாரியின் பெயர் வெளியே வந்துவிடும். ஒரு கிளிப்பை நகலெடுத்து இன்னொரு ப்ராஜெக்டில் ஒட்டும்போது, முழு கிளிப்பா, தேர்ந்த ஒலி மட்டுமா என்று ஆடாசிட்டி கேட்கும். முழு கிளிப் என்றால் மடிந்ததும் சேர்ந்து போகும்.

எனக்கு வாலை மீட்டுத் தந்த அதே வசதிதான் இது. வசதியின் மேல் குறையில்லை. நீக்குவதும் மறைப்பதும் ஒன்றல்ல என்பது பயன்படுத்துகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் ப்ராஜெக்ட் கோப்பைக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு ட்ராக்கையும் வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்து, புதிய ப்ராஜெக்டில் இறக்கிக் கொடுத்தோம். வேவ் கோப்பில் கேட்பது மட்டும்தான் இருக்கும்.

அதோடு முடியவில்லை. அந்தப் பேச்சு தாத்தாவின் மைக்கில் மட்டுமா இருந்தது? பேட்டியாளர் மைக்கிலும் கசிந்திருந்தது, உள்ளறை போனிலும் மங்கலாகக் கேட்டது. மூன்றிலும் அந்த இடத்தை எடுத்தோம். வெட்டாத மூலப் பதிவை என்ன செய்வது என்பதை நாங்கள் முடிவு செய்யவில்லை, குடும்பத்திடம் கேட்டோம். ஒரு பென்டிரைவில் முழுப் பதிவும் தங்களிடம் இருக்கட்டும், வெளியே இருக்கும் நகலில் அந்த இடம் வேண்டாம் என்றார் மகன். அப்படியே செய்தோம். அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை கோப்பைத் திறந்து பார்த்தபோது, முதல் வெட்டிலிருந்து கொண்டுவந்த லேபிள் ட்ராக்கில் ‘இதை நீக்கவும்’ என்ற குறிப்புக்குப் பக்கத்திலேயே அந்த வியாபாரியின் பெயர் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. லேபிளையும் அழித்துவிட்டுத்தான் கோப்பு போனது.